கூதிர்த் தும்பியும் கட்டலான் குருவியும்

மேனாட்டார் கூறும் இலையுதிர்காலம் நம் நாட்டிற் புலப்படுவதில்லை. பெரும்போக விதைப்பும் வாடையின் வரவுமே ஏறாவூர்ப் பகுதியார்க்குக் கூதிரை உணர்த்துவன.

அந்நாளில் மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்போர், பொன்மஞ்சள் நிறத் தும்பிகள் திரளாகத் தாழப் பறப்பதைக் காண்பர். மழை அணித்தென்பது நாட்டார் கணிப்பு. அதில் உண்மையும் உண்டு. இத்தும்பி பெரும்பாலும் மழையால் தேங்கும் ஆழமற்ற நீரிலேயே முட்டையிடும். அதன் புழு ஏறத்தாழ ஆறு கிழமையில் வளர்ந்து சிறகு பெறும். நீர் வற்றுமுன் பறந்தாக வேண்டுமன்றோ! வாவியோரப் பள்ளங்களைப் பயனற்றனவென மண்ணிட்டு நிரப்புவோர், நுளம்புப் புழுவை உண்ணும் இத்தும்பிப் புழுவின் தொட்டிலையே நிரப்புகின்றனர்.

சிறகு பெற்றவை மழையை நாடிச் செல்லும் தொலைவு வியப்புக்குரியது. மாலைதீவில் வாழ்ந்த உயிரியலறிஞர் சார்ள்ஸ் அன்டர்சன் 2009இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். நன்னீர்நிலை மிக அரிதாகிய அத்தீவுகளில் ஆண்டுதோறும் ஒக்டோபரில் இத்தும்பிகள் இலட்சக்கணக்கில் வந்திறங்குகின்றன. இந்தியாவினின்று வடகீழ்க் காற்றின் துணையாற் கடல் கடந்து கீழாபிரிக்கா வரை செல்கின்றன என்பது அவர் முடிபு. நீளமோ ஐந்து சதமமீற்றர்!

தும்பி மிகும் இப்பருவத்திலேயே நீலவாற் கட்டலான் குருவியும் வடக்கிருந்து வந்து மின்கம்பிகளில் வரிசையாக அமரும். தேனீ தின்னியென மேனாட்டார் பெயரிட்டனரெனினும், தும்பியையும் அது பெரிதும் உண்ணும். பிடித்த இரையை இருக்கையில் அடித்துக் கொன்றே விழுங்கும். சித்திரைக்குள் பெரும்பாலானவை மீண்டுவிடும். சில இணைகள் மாத்திரம் கீழ்க்கரையிலே தங்கி, மணற்றரையில் வளை குடைந்து குஞ்சு பொரிக்கின்றன.