வாதரத்தம் என்னும் செல்வர் நோய்

இரவில் நலமுடன் உறங்கச் சென்ற ஒருவர், காற்பெருவிரலின் அடிமூட்டில் தீயிட்டாற்போன்ற நோவு தோன்ற நள்ளிரவில் விழிக்கின்றார். விடியுமுன் அவ்விடம் சிவந்து வீங்கி, போர்வை படினும் பொறாததாகின்றது. மேனாட்டார் கௌட் என வழங்கும் இந்நோயை ஒத்ததொன்றை ஆயுர்வேத நூலார் வாதரத்தம் என்றனர். சரக சங்கிதையில் சிகிச்சைப் பகுதியின் 29-ஆம் இயல் முழுவதும் இதற்கே உரியது.

ஆட்யவாதம் என்பது இதன் மற்றொரு பெயர். ஆட்யர் என்பார் செல்வர். உப்பும் புளிப்பும் கார்ப்பும் மிக்க உணவு, நீர்வாழுயிர்களின் ஊன், உளுந்து, கொள்ளு, மது, பகற்றுயில், இராவிழிப்பு, நடவாதிருத்தல், யானை குதிரை ஒட்டகங்களின்மேல் ஊர்தல் ஆகியவற்றை ஆயுர்வேத நூல்கள் காரணங்களாக எண்ணும். பரீட்சைக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்கும் நம்மனோர் இதனைக் கண்டு திடுக்கிடலாம். ஆயின் யானையேற்றம் நம் விடுதியில் எளிதிற் கிடைப்பதன்று! யூதாவின் அரசனாகிய ஆசா முதிர்வயதிற் கால்களில் வியாதி கொண்டான் எனத் திருமறை கூறுவதும் இந்நோயையே எனச் சிலர் கருதுவர், துணிந்து கூறுதற்கில்லை.

கெட்ட குருதி வாயுவின் வழியை அடைக்க, அடைபட்ட வாயு குருதியை மேலும் கெடுக்க, இரண்டும் உடலெங்கும் பரந்து மூட்டுக்களிலே தங்கும் என்பது பண்டையோர் கொள்கை. காலிலோ கையிலோ தோன்றி எலிநஞ்சுபோற் பரவும் என்பர் சுசுருதர். மேனாட்டிலோ, 1776-இல் ஷீலே என்பார் யூரிக அமிலத்தைக் கண்டறிந்தார். கௌட் நோயாளரின் குருதியில் அது மிகுந்திருத்தலை 1848-இல் காரட் என்பார் காட்டினார். அவ்வமிலத்தின் உப்பு ஊசிபோன்ற படிகங்களாய் மூட்டிற் படிதலே நோவுக்குக் காரணம். குருதிவழிச் சென்று மூட்டில் தங்குவது என்ற அளவில் இரு கொள்கைகளும் ஒத்தல் வியப்பே. எனினும் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. தினவும் மரப்பும் தோலின் நிறவேறுபாடும் வாதரத்தத்துள் அடங்குதலின், அதன் எல்லை பெரிது.

தோலையும் தசையையும் பற்றியதை உத்தானம் என்றும், ஆழ்ந்ததைக் கம்பீரம் என்றும் பிரித்தனர். முன்னதற்குப் பூச்சு, எண்ணெய், ஒற்றடம். பின்னதற்குப் பேதி, நெய்யுண்பித்தல், வஸ்தி. வஸ்திக்கு நிகரான சிகிச்சை இதற்கில்லை என்பது சரகர் துணிபு. எரிவும் நோவும் உள்ளவிடத்து அட்டைவிட்டுக் குருதி வாங்குவர். தினவும் மரப்பும் உள்ளவிடத்துக் கொம்பும் சுரைக்குடுக்கையும் கொள்வர். உடல் வாடியவர்க்குக் குருதி வாங்கலாகாது என விலக்கியிருத்தல் அவர்தம் முன்யோசனையைக் காட்டும். சீந்திற்கொடி இந்நோய்க்குச் சிறந்த மருந்தாகப் போற்றப்படுவது. பழைய அரிசி, கோதுமை, பால், பயற்றஞ்சாறு பத்தியமாம். ஒரு தோஷத்தால் வந்த புதுநோய் தீரும்; முத்தோஷத்தால் வந்தது தீராது என்பர்.

நம்மூரிலோ மூட்டுநோவு யாவும் வாதமென்றே பெயர்பெற, எண்ணெய் தேய்த்து நாட்கழிப்பாரே பலர். காய்ச்சலுடன் ஒரு மூட்டுத் திடீரெனச் சிவந்து வீங்கின், அது சீழ்பிடித்தலாகவும் கூடும். சின்னாளில் மூட்டையே அழிக்கவல்லது. மூட்டுநீரை எடுத்துச் சோதித்தாலன்றி இஃது இன்னதெனத் தெளிதல் அரிது. ஆதலின் அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமித்த காந்தளுக்கும் இந்நோய்க்கும் ஓர் உறவுண்டு. கௌட் நோவைத் தணிக்கும் கொல்சிசீன் என்னும் மருந்துப்பொருள் அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ளது. கொங்குநாட்டு மூலனூர்ப் பக்கத்து உழவர் கண்வலிக்கிழங்கு எனப் பெயரிட்டு அதனை விதைக்காகவே பயிரிடுகின்றனர். அளவு சிறிது மிகினும் உயிர்கொல்லும் நஞ்சாதலின், வேலியிற் படர்ந்த காந்தட்கிழங்கை வீட்டில் அரைத்துண்பது ஒருகாலும் ஆகாது.