ஜொகூரை இரண்டாக்கிய போர்

கோத்தா திங்கியை அடுத்த கம்போங் மாக்காமில் இரண்டாம் சுல்தான் மாமூட் ஷாவின் கல்லறை இருக்கிறது. 1699-ஆம் ஆண்டில், ஏவலர் தோளில் சுமந்து செல்லும்போது அவர் குத்திக் கொல்லப்பட்டார். வாரிசு இல்லை, ஆகவே பெண்டகாரா எனும் முதலமைச்சர் அப்துல் ஜலீல் அரியணை ஏறினார்.

1718-இல் ராஜா கெச்சில் என்பவர், மாண்ட மன்னரின் மகன் தாமே எனக் கூறி, சுமத்திராவிலிருந்து மினாங்கபாவ் படையுடன் வந்து தலைநகரைப் பிடித்தார். அக்கூற்று மெய்யோ, பொய்யோ! ஜொகூரின் கடற்படையாகவே விளங்கிய ஓராங் லாவுட் மக்கள் அதை நம்பி அவர் பக்கம் சேர்ந்தனர். வெற்றிக்கு அதுவே பெருந்துணை எனலாம். 1721-இல் கோலப் பகாங்கில் அப்துல் ஜலீல் கொல்லப்பட்டார்.

அவர் மகன் சுலைமான் பூகிஸ் வீரர்களின் துணையை நாடினார். அவர்கள் ராஜா கெச்சிலை ரியாவிலிருந்து விரட்டி, 1722-இல் சுலைமானுக்கு முடிசூட்டினர். கைம்மாறாக டாயிங் மரேவா துணையரசர் பதவியைப் பெற்றார்; உண்மை அதிகாரம் அதிலேதான் இருந்தது. ராஜா கெச்சில் சியாக்கில் தனியரசு அமைத்தார்.

சுலைமானின் தமக்கை தங்கையரும் இப்போரில் பிரிந்தனர். தெங்கு தெங்கா பூகிஸ் தலைவர் டாயிங் பராணியின் மனைவி. கமாரியாவோ ராஜா கெச்சிலின் மனைவி.

கெடாவில் உடன்பிறந்தோர் அரியணைக்குச் சண்டையிட்டபோதும் இவ்விரு தரப்பாரும் எதிரெதிரே நின்றனர். டாயிங் பராணி அங்கேயே மாண்டார். ராஜா கெச்சில் ரியாவைப் பன்முறை தாக்கியும் மீட்க இயலவில்லை.

இவ்வரலாற்றை விரித்துரைக்கும் 'துஃபாத் அல்-நபீஸ்' நூலை முடித்த ராஜா அலி ஹாஜி பூகிஸ் மரபினர். எனவே சியாக்கின் வழக்கை அறிய விரும்புவோர் 'ஹிக்காயத் சியாக்'கையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.