தேசவழமையும் சட்டச் சொற்களின் பெயர்வும்

யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டுகள் வாழ்ந்த ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், அங்கு வழங்கிய வழமைகளை 1707இல் ஒல்லாந்த மொழியில் தொகுத்தளித்தார். தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு முதலியார்கள் பன்னிருவரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. வழமைக்கு உரியவரிடமே அதனைச் சரிபார்த்த முறை குறிப்பிடத்தக்கது. எனினும் அத்தொகுப்பு பேசும் பெண்களோ அடிமைகளோ அப்பன்னிருவருள் இல்லை.

ஆங்கிலேயர் 1806இல் இதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படாமல் ஒலிபெயர்த்தே ஆளப்பட்டன. இவ்வுத்தி சொல்லைக் காத்தது, பொருளைக் காக்கவில்லை. தேடியதேட்டம் யாதென்பது ஊராருக்கு வழக்கால் தெரியும். நீதிபதிக்கோ வரையறையால் மட்டுமே தெரியவரும். மணவாழ்வில் ஈட்டிய அச்சொத்து கணவன், மனைவி இருவர்க்கும் சமமாக உரியது என்றது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 1947ஆம் ஆண்டுத் திருத்தமோ, அவரவர் தேடியதேட்டம் எனத் தனித்தனியே வரையறுத்தது. சொல் மாறவில்லை; அது சுட்டிய உரிமை மாறியது. ஆகவே, நிலம் வாங்கப்பட்ட திகதியையும் நீதிமன்றம் ஆராய வேண்டியதாயிற்று.