எந்தக் களஞ்சியத்துக்கு எந்த ரோபோ?

பெரும்போக அறுவடை முடிந்ததும் பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் களஞ்சியங்களில் மூட்டைகள் ஏறி இறங்குவது மனித முதுகில்தான். லொறியின் பின்கதவைத் திறந்ததும் இருவர் மூட்டையைத் தூக்கிக் கொடுக்க, மூன்றாமவர் தோளில் வாங்கிக்கொண்டு சாய்பலகையில் ஏறிப்போய் அட்டியில் போடுவார். அறுபது கிலோவைத் தாண்டும் மூட்டைகளும் வரும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது.

இந்தச் சுமையை ரோபோ வாங்கிக்கொள்ளுமா? விற்பனைப் படங்களில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: சக்கரம் பூட்டிய தட்டையான பெட்டி. ஆனால் அவற்றின் வேலையும் வழி அறியும் முறையும் வெவ்வேறு.

அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய கீவா சிஸ்டம்ஸ் ஒரு வழக்கத்தையே மாற்றியது. அதுவரை பொருள் இருக்கும் இறாக்கையைத் தேடி ஆள் நடந்தார். கீவாவின் ரோபோ இறாக்கையின் அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வந்தது. தரையில் வரிசையாக ஒட்டிய குறிகளைக் கமராவால் படித்து அது வழி அறிந்தது. அமேசன் 2012இல் அந்த நிறுவனத்தை 775 மில்லியன் டொலருக்கு வாங்கி, பிறருக்கு விற்பதை நிறுத்தியது. கீவாவை நம்பியிருந்த குவயற் லொஜிஸ்டிக்ஸ் என்ற களஞ்சிய நிறுவனம் வேறு வழியின்றித் தானே ரோபோ செய்ய இறங்கியது. லோக்கஸ் ரோபோடிக்ஸ் பிறந்தது அப்படித்தான். இந்தியாவில் பிலானி பிட்ஸில் படித்த இருவர் 2011இல் தொடங்கிய கிரேஓரேஞ்ச், இறாக்கை தூக்கும் ‘பட்லர்’ ரோபோவைச் செய்தது. அமேசனிடம் இருக்கும் ரோபோக்கள் 2025இல் பத்து இலட்சத்தை எட்டின.

கீவா வகையில் ஒரு சிக்கல் உண்டு. ரோபோ ஓடும் பகுதி வேலியடைத்தது. மனிதர் அதற்குள் சும்மா நுழைய முடியாது. பழுதுபார்க்கப் போகிறவருக்கு அமேசன் ஒரு பட்டியை அணியக் கொடுக்கிறது. அதை உணர்ந்து அருகிலுள்ள ரோபோக்கள் வேகம் குறைக்கின்றன.

பெங்களூரில் ஃப்ளிப்கார்ட் 2019இல் இறக்கிய ரோபோக்கள் இரண்டாவது வகை. அவற்றின் வேலை வேறு. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு வண்டிகள். ஊழியர் பொதியை வண்டியின் தட்டில் வைப்பார். அஞ்சல் குறியீடு படிக்கப்படும். வண்டி ஓடிப்போய் அந்த ஊருக்கான துவாரத்தில் பொதியைச் சரித்துவிட்டுத் திரும்பும். மணிக்கு 4,500 பொதிகள் என்றது நிறுவனம். சிறு பொதிக்கு அருமையான ஏற்பாடு, நெல்மூட்டைக்கு உதவாது.

ஆளோடு ஒரே தளத்தில் ஓடக்கூடியதுதான் மூன்றாவது வகை. லேசர் ஒளியால் சுவரையும் தூணையும் அளந்து தானே வரைபடம் போட்டுக்கொள்ளும். குறுக்கே ஆள் வந்தால் நிற்கும் அல்லது சுற்றிப்போகும். லோக்கஸ், டென்மார்க்கின் மிர், நொய்டாவின் அட்வெர்ப் செய்த ‘டைனமோ’ எல்லாம் இந்த இனம். அட்வெர்ப்பின் 54 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் 2022இல் 132 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மிர் ரோபோக்களின் பெயரிலேயே பாரம் இருக்கிறது: மிர்250 சுமப்பது 250 கிலோ, மிர்1350 சுமப்பது 1,350 கிலோ.

அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். முதலில் பார்க்க வேண்டியது தரை. இவற்றின் சக்கரங்கள் சிறியவை. வெடித்த சீமெந்திலும் வாசற்படியிலும் திணறும். உமித்தூசி லேசர் கண்ணை மறைக்கும். வைஃபை அறுந்தால் பல ரோபோக்களை ஒருங்கிணைக்கும் மென்பொருள் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை சுமக்குமே தவிர, மூட்டையை எடுத்து அட்டி போடா. மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் முதுகை வளைப்பது அந்த வேலைதான்.

ரோபோ வந்தால் உடம்பு தப்பும் என்பதும் நிச்சயமில்லை. அமேசனின் உள் ஆவணங்களைத் திரட்டி 2020இல் ‘ரிவீல்’ என்ற அமெரிக்கப் புலனாய்வு ஊடகம் வெளியிட்ட செய்தி, ரோபோ உள்ள களஞ்சியங்களில் கடுமையான காயங்கள் மற்றவற்றைவிட அதிகம் என்று காட்டியது. நடை குறைந்தது, ஆனால் மணிக்கு எடுக்க வேண்டிய பொருட்களின் இலக்கு பல மடங்கு ஏறியது. வளைகுடாக் களஞ்சியங்களில் வேலைக்குப் போகும் நமது கரையோர இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்த இலக்கைக் கேட்டறிய வேண்டும்.

நமது நெல் களஞ்சியங்களுக்கு இன்றைய முதல் தேவை சாய்வான ஓடுபட்டி, பலகைத் தட்டுகள், கையால் தள்ளும் பலட் வண்டி, ஐம்பது கிலோவுக்கு மேற்படாத மூட்டை. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ரோபோவின் விலைக்குக் கிட்டவும் வராது. மருந்து, உடுபுடைவை, உதிரிப்பாகம் என்று ஆயிரம் வகைப் பொருட்களைச் சில்லறையாக அனுப்பும் மொத்த வியாபாரிகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு மூன்றாவது வகை பொருந்தலாம். பாலமுனைக்கு அடுத்த ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. விற்பனையாளரை அழைக்குமுன் தரையின் மட்டத்தையும், ஒரு நாளில் ஆட்கள் நடக்கும் தூரத்தையும், மின்வெட்டு நேரத்தையும் அங்குள்ள மாணவர்களைக்கொண்டு அளந்து வைத்துக்கொண்டால், எந்த ரோபோ வேண்டும், வேண்டவே வேண்டாமா என்பதை வியாபாரியே சொல்லிவிடலாம்.