புதுக் காருக்கு முதல் 1,000 கிலோமீட்டர்

செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதியில் பூசை முடிந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் புதுக் கார் ஏறி இறங்கியதும் குடும்பமே உள்ளே உட்கார்ந்துவிடும். ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறினால் கோலாலம்பூர் வரை ஒரே மிதிதான். ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கிய காருக்கு முதல் நாளே இந்தச் சோதனை வேண்டுமா?

என்ஜினின் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்காது. எண்ணெய் தங்குவதற்காக அதில் மெல்லிய குறுக்குக் கோடுகளை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இந்தச் சுவரோடு உரசி, இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். படியாவிட்டால் எரிந்த வாயு கீழே கசியும், எண்ணெய் மேலேறி எரியும். பின்னால் வருபவருக்கு நீலப்புகை தெரியும். காரின் சொந்தக்காரருக்கோ அடிக்கடி எண்ணெய் ஊற்றும் செலவு.

அலோர் காஜா, பெகோவில் 2003 முதல் கார் தயாரித்துவரும் ஹோண்டா, தன் கையேடுகளில் சொல்வது இதுதான்: முதல் 1,000 கிலோமீட்டர் வரை மிதியை முழுதாக அழுத்தக்கூடாது, திடீரென வேகமெடுக்கக்கூடாது. முதல் 300 கிலோமீட்டர் வரை, அவசரம் தவிர, பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. பிரேக்கும் படிய வேண்டும் அல்லவா!

அதற்காக நத்தைபோல் ஊர்ந்து போவதும் சரியல்ல. "ஒரு மாதம் அறுபதைத் தாண்டாதே" என்று பெரியவர்கள் சொல்வது பழைய என்ஜின்களின் கணக்கு. சுமையே இல்லாமல் ஓடினால் வளையங்களைச் சுவரோடு நெருக்கும் வாயுவின் அழுத்தம் குறைந்துபோகும். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதும் உதவாது. ஜாசினிலிருந்து மெர்லிமாவுக்கோ, அலோர் காஜாவிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கோ பழைய சாலையில் போய் வந்தாலே போதும். சமிக்ஞை விளக்கில் நின்று, மேட்டில் ஏறி, வேகம் தானாகவே கூடிக் குறையும். காலையில் காரை நிறுத்தி வைத்தே நீண்ட நேரம் உறுமவிட வேண்டாம். சிறிது நேரத்தில் புறப்பட்டு, என்ஜின் சூடாகும்வரை மெதுவாக ஓட்டலாம்.

சிலர் நூறு கிலோமீட்டரிலேயே எண்ணெயை மாற்றச் சொல்வார்கள். கையேடு குறித்திருக்கும் சர்வீஸ் வரை பொறுப்பதே நல்லது. ஆனால் வாரம் ஒருமுறை அளவுகோலை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

தோட்டத்துப் பக்கம் இன்னும் ஓடும் பழைய கன்சில்களுக்கும் இது பொருந்தும். பட்டறையில் என்ஜினைப் பிரித்து வளையம் மாற்றியிருந்தால், மீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும், அந்த 1,000 கிலோமீட்டர் அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.