பேசும் யந்திரமும் அதற்கு எழுதும் ஏடும்

மனிதன் கேட்கும் கேள்விக்கு யந்திரம் மனிதனைப் போலவே விடை கூறுவது இன்று கிராமங்களிலும் பழகிப்போன செய்தி. ஆயினும் அவ்விடை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1966-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற கணினி நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதில் நிரல் வேறு, பேசும் முறையை எழுதிவைத்த ஏடு வேறு. நாடக நடிகருக்கு வசன ஏடு எப்படியோ, அப்படியே யந்திரத்திற்கு இது. 'டாக்டர்' என்னும் ஏட்டின்படி, கேட்பவர் தம் தாயைக் குறிப்பிட்டால் யந்திரம் அவர் குடும்பத்தைப் பற்றி மேலும் கூறும்படி கேட்கும். தாய் என்றால் யாரென்று அதற்குத் தெரியாது. அப்படியிருந்தும், யந்திரத்துடன் தனித்துப் பேச விரும்பிய அவருடைய செயலாளரே அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்! இத்தகைய அனுபவங்களால் கவலையுற்ற பேராசிரியர், கணினியிடம் எதனை ஒப்படைக்கலாகாது என்பதைப் பற்றி 1976-ல் ஒரு நூலே எழுதினார்.

1995-ல் ரிச்சர்ட் வாலஸ் என்ற மற்றோர் அமெரிக்கர் 'அலிஸ்' என்ற உரையாடல் நிரலைத் தொடங்கினார். அதன் ஏட்டை அவர் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். திருத்தியதை வழங்குவோரும் அதே உரிமையைத் தரவேண்டும் என்பதே நிபந்தனை. இம்முறையைத் திறந்த மூலம் என்பர். பல நாட்டு ஆர்வலர்கள் ஊதியமின்றி எழுதிச் சேர்த்தனர். மனிதரைப் போல உரையாடும் நிரலுக்கான லோப்னர் போட்டியில் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் அலிஸ் முதலிடம் பெற்றது.

எழுதும் முறை எளிது. கேள்வியின் மாதிரி ஒன்று, அதற்குரிய விடை ஒன்று. "வீட்டு வரி எங்கே கட்டுவது" என்ற மாதிரிக்கு அலுவலக விவரத்தை விடையாக எழுதுகிறோம். "வீட்டுத் தீர்வை எங்கே செலுத்த வேண்டும்" என்று மற்றொருவர் கேட்டால், "முதற் கேள்வியின் விடையையே தருக" என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். எச்சொல்லும் வரலாம் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி இடுவர். இலவசமாகக் கிடைக்கும் நிரல்களைக் கொண்டு இதனைச் சாதாரணக் கணினியில், இணைய இணைப்பின்றியே இயக்கலாம்.

தமிழில் எழுதுவோருக்கு உழைப்பு சற்று அதிகம். இம்முறை முழுச் சொல்லை மட்டுமே ஒப்பிடும். வரி, வரியை, வரிக்கு, வரியும் என்பவை நமக்கு ஒரே சொல்லின் உருவங்கள். யந்திரத்திற்கு நான்கு வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தில் இத்தொல்லை மிகக் குறைவு. வேற்றுமை உருபுகளையும் வட்டார வழக்கையும் அறிந்த ஊர்க்காரர் எழுதினாலன்றி ஏடு பயன்படாது. இவ்விஷயத்தில் பட்டதாரியை விட, மனு எழுதிப் பழகிய ஊராட்சிச் செயலரே மேல் என்பது நம் கருத்து.

நட்சத்திரக் குறியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மருந்து என்ற சொல்லுக்கு இருபுறமும் அக்குறியை இட்டு, நெற்பயிருக்குரிய அளவை விடையாக எழுதிவிட்டால், பருத்திக்குக் கேட்பவருக்கும் அதே அளவுதான் கிடைக்கும். யந்திரம் தயங்காது, விவசாயி நம்பித் தெளிப்பார். ஆதலின் மருந்தளவுக் கேள்விகளுக்கெல்லாம் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகும்படி கூறுவதே தக்கது. எந்த மாதிரிக்கும் பொருந்தாத கேள்விக்கும் ஒரு பொது விடை எழுதப்படும். அரட்டை நிரல்களில் அது சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றும். நம் ஏட்டிலோ "இது எனக்குத் தெரியாது" என்பதே அவ்விடையாக இருக்கவேண்டும்.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் அதையொத்த நிரல்களும் வேறு வகையின. அவை ஏராளமான எழுத்துகளிலிருந்து பழகி, அடுத்துவரத்தக்க சொல்லைக் கணித்து வாக்கியம் அமைப்பவை. உருபு மாறினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். அவற்றுக்கும் ஏடு உண்டு. "இவ்விவரங்களிலிருந்து மட்டும் விடை கூறு" என்று சாதாரண நடையிலேயே கட்டளை எழுதலாம். ஆனால் கட்டளையை மீறி, இல்லாததை இருப்பதாகக் கூறுவதும் உண்டு. பழைய ஏட்டில் தவறான விடை வந்தால் எந்த வரி தவறென்று கண்டு அடித்துத் திருத்தலாம். இங்கே அவ்வாறு ஒரு வரியைச் சுட்டிக்காட்ட இயலாது.

ஊரில் கணினி பயிலும் இளைஞர்கள் இதில் இறங்க முன்வந்தால், அலுவலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் இருபது கேள்விகளுடன் தொடங்கட்டும். வாலஸ் செய்ததுபோல, விடை கிட்டாத கேள்விகளை அவ்வப்போது படித்துப் புதிய மாதிரிகளைச் சேர்க்கவேண்டும். அப்போது கேட்டவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிடுதல் முறை. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எழுதிய தேதியையும், சரிபார்த்த அலுவலரின் பதவியையும் குறிக்கவேண்டும். வரி விகிதமோ மானியத் தொகையோ மாறும்போது எந்த விடைகளைத் திருத்துவது என்பது அத்தேதிகளைப் பார்த்தாலே விளங்கும்.