டெம்ப்ளேட்டை மாத்தியாச்சு... பழைய ஃபைலுக்குப் பாதுகாப்பு வந்துடுச்சா?

'இனி எல்லாத்துக்கும் மூணு காப்பின்னு டெம்ப்ளேட்ல மாத்திட்டேன். டிஸ்க் போனாலும் பயமில்ல.' ஆரக்கிள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் புது அட்மின்கள் இப்படி நிம்மதியாகிவிடுவது சகஜம். ஆனால், ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களில் எதுவுமே மாறியிருக்காது!

டெம்ப்ளேட் என்றால் என்ன?

ஆரக்கிளின் ஏஎஸ்எம், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே 'டிஸ்க் குரூப்' ஆக்குகிறது. அதில் ஒரு ஃபைல் உருவாகும்போது எத்தனை காப்பி வைப்பது, எவ்வளவு பெரிய துண்டுகளாகப் பரப்புவது என்பதைச் சொல்வதுதான் டெம்ப்ளேட். டேட்டாஃபைல், கன்ட்ரோல்ஃபைல் என ஒவ்வொரு வகைக்கும் ரெடிமேட் டெம்ப்ளேட் கூடவே வந்துவிடும். அவற்றைத் திருத்தலாம், நீக்க முடியாது.

நமக்கென்று ஒன்று வேண்டுமா? 'ஆல்டர் டிஸ்க்குரூப்' கட்டளையோடு 'ஆட் டெம்ப்ளேட்' சேர்த்தால் போதும். 'மிரர்' என்றால் இரண்டு காப்பி, 'ஹை' என்றால் மூன்று. 'அன்ப்ரொடெக்டட்' என்றால் ஒன்றே ஒன்று. அந்த டிஸ்க் போனால் ஃபைலும் அம்பேல். துண்டு அளவில் 'ஃபைன்' என்பது 128 கேபி. 'கோர்ஸ்' அதைவிடப் பெரியது.

ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்காது. 'எக்ஸ்டர்னல்' வகை டிஸ்க் குரூப்பில் ஏஎஸ்எம் காப்பி எடுக்கவே எடுக்காது. அங்கே பாதுகாப்பு ஸ்டோரேஜ் கருவியின் பொறுப்பு. 'நார்மல்' வகையில் மூன்றில் எதையும் தேர்வு செய்யலாம். மூன்று காப்பிக்கு, ஒன்றாகப் பழுதாக வாய்ப்பில்லாத மூன்று டிஸ்க் தொகுப்புகளாவது வேண்டும்.

பழைய ஃபைல் ஏன் மாறுவதில்லை?

டெம்ப்ளேட்டை ஏஎஸ்எம் பார்ப்பது ஃபைல் பிறக்கும் அந்த ஒரு தடவைதான். பிறகு டெம்ப்ளேட்டைத் திருத்தினாலும், 'ரீபேலன்ஸ்' ஓடவிட்டாலும் பழைய ஃபைல் பழையபடியேதான் கிடக்கும். இதில் எர்ரர் மெசேஜ்கூட வராது என்பதுதான் வில்லங்கம். 'வி$ஏஎஸ்எம்_ஃபைல்' வியூவில் ரிடன்டன்சி காலத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தீர்வு, ஃபைலைப் புதிதாகப் பிறக்க வைப்பது. டிஸ்க் குரூப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் டெம்ப்ளேட் பெயரைக் கொடுத்து, ஆர்மேன் மூலம் காப்பி எடுத்து, டேட்டாபேஸை அந்தக் காப்பிக்கு மாற்ற வேண்டும். 12சி முதல் டேட்டாபேஸ் ஓடும்போதே டேட்டாஃபைலை நகர்த்தலாம்.

அதற்கு முன் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. இரண்டு காப்பியில் இருக்கும் 100 ஜிபி ஃபைல் ஏற்கெனவே 200 ஜிபி பிடித்திருக்கும். மூன்று காப்பிக்குப் புதிதாக 300 ஜிபி காலியாக இருக்க வேண்டும். பழையதை அழிக்கும்வரை இரண்டும் சேர்ந்தேதான் உட்கார்ந்திருக்கும்.